அட்டைக்கு அடியில் ஒரு கை

உயிரோடு இருக்கும் குழந்தையின் கை, இறந்துபோன தாயின் படத்தில் இருக்கலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

சிவகாசியில் பிரேம் கடையில் காத்திருந்தேன். பட்டாசு விபத்தில் மனைவியை இழந்தவர் ஒருவர் முன்னால் நின்றார். அவள் மகளை இடுப்பில் வைத்திருக்கும் ஒரே படம்தான் அவரிடம் இருந்தது.

“கம்ப்யூட்டர்ல பிள்ளைய வெட்டியாச்சு. தோளைப் பிடிச்ச கை மட்டும் நிக்கி. மாலை போடுற படத்துல ஆகாதுல்லா? படத்தச் சுத்தி வைக்கிற மவுண்ட் அட்டைய அரை இஞ்சு உள்ள தள்ளுனா மறைஞ்சிரும்” என்றார் கடைக்காரர்.

“மறைச்சிருங்க அண்ணாச்சி. ஆனா பிரிண்டுல வெட்டிராதீக. அடியில கை இருக்கட்டும். மக வளந்து கேட்டாள்னா கழட்டிக் காட்டணும்.”

மறைத்து வைத்தாலும் தோஷம் என்கிறார் என் மாமியார். நானாயிருந்தால் பயந்து வெட்டச் சொல்லியிருப்பேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அந்தக் கை அங்கே இருக்கலாம்தானே?