ஓர் ஆள் எடை

ராத்திரி இரண்டு மணி. மழை விட்டும் விடாத புறவழிச்சாலை... முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. ஒரே ஒரு கார். அதற்குள் ஒரே ஒரு ஆள்.

கதை அங்கேதான் ஆரம்பம். நம் கரண்ட் காருக்குச் சார்ஜ் ஏற இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். கண்ணாடியை ஏற்றிவிட்டு நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். காலையிலிருந்து அலைந்து ஐந்து பேரும் துவண்டு கிடக்கிறோம். தூங்கலாமென்றால் நம் ஆபீஸ் கேஷியர் விடமாட்டேன் என்கிறார். நூறு கிலோமீட்டர் போகும் என்று காட்டிவிட்டு அறுபதிலேயே படுத்துவிட்டதாம். அப்போதிலிருந்து வண்டியைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். மெதுவாகத் திட்டுங்கள், கேஷியர். நீங்கள் உட்கார்ந்திருப்பதே அதன் மடியில்தான்.

திரையில் இரண்டு எண்கள் இருக்கின்றன, பாருங்கள். சதவீதம் என்பது பேட்டரியில் நிஜமாகவே இருப்பது. கிலோமீட்டர் என்பது வண்டியின் ஊகம். இதுவரை ஓடிய மாதிரியே இனியும் ஓடினால் இவ்வளவு தூரம் போகலாம் என்று அது போடும் மனக்கணக்கு. மேடு வந்தால் குறையும். குளிர் வந்தால் குறையும். வேகத்துக்காகக் காலை அழுத்தினாலும் குறையும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது என் நண்பனுடைய அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். நான் சொல்லப்போவது அவருக்கு நடந்தது.

அன்றைக்கு ஒரு பெரிய கட்டடத்தில் பழைய லிஃப்டைக் கழற்றும் வேலை. இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல். கண் எரிய, முதுகு கழன்றுபோய்க் கிளம்பினார். சார்ஜ் போட்டுக் காத்திருக்க உடம்பில் தெம்பில்லை, நேரமும் இல்லை. அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விடிவதற்கு முன்பே ஷிஃப்ட். இன்னொரு தடவை தாமதமாக வந்தால் வேலைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலோ ஆறு வயது மகள். இவர் உள்ளே நுழைந்தால்தான் மனைவி வெளியே போக முடியும்.

வீட்டுக்கு நாற்பது கிலோமீட்டர். திரையில் அறுபது. போதும் என்று வந்துவிட்டார்.

பாதி வழி தாண்டிப் பார்க்கிறார்... வீட்டுக்குப் பதினைந்து. திரையில் வெறும் இருபத்திரண்டு. மழை, எதிர்காற்று, சரி. ஹீட்டரை அணைத்தார். வேகத்தைக் குறைத்தார். கை விறைக்க ஓட்டினார். அப்படியும் எண் இறங்குகிறது. இருபத்தொன்று வரவேண்டிய இடத்தில் பத்தொன்பது.

பின்சீட்டில் லிஃப்டிலிருந்து எடுத்த இரும்புக் கட்டிகள் இருந்தன. லிஃப்ட் ஏறி இறங்க மறுபக்கம் எடைக்குத் தொங்குமே, அவை. எல்லாம் சேர்த்து ஓர் ஆள் எடை. அதனால் பெரிதாக ஒன்றும் குறையாது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் ஒரு கிலோமீட்டர் கிடைத்தாலும் லாபம்தானே.

வழியில் ஒரு பஸ் நிறுத்தம். விளக்கு கிடையாது. தகரக் கூரையில் மழை... டக்... டக்... வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறந்தார். ஒவ்வொரு கட்டியாகத் தூக்கிக்கொண்டு போய், யார் காலிலும் இடிக்காதபடி பெஞ்சுக்கு அடியில் வைத்தார். பகலில் வந்து எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் வைத்து முடிக்கும்வரை பின்கதவு திறந்தேதான் கிடந்தது.

வந்து மூடினார். கிளம்பினார்.

திரையில் பதினைந்து.

எடையை இறக்கிய வண்டிக்கு எப்படிக் குறையும்? ஸ்டியரிங்கைத் திருப்பினால் பின்பக்கம் கனத்து இழுக்கிறது. அப்புறம் ஒரு வாசனை. ஈரம் காயாமல் மடித்து வைத்த கம்பளி வாசனை... இந்த மாதிரி வண்டிகளில் எஞ்சின் சத்தம் கிடையாதே, பின்சீட்டில் யாராவது மூச்சு விட்டால்கூடக் காதில் விழும்.

விழுந்தது.

பெருமூச்சு. பயமுறுத்துகிற மாதிரி இல்லை. ரொம்ப நேரம் நின்று கால் ஓய்ந்தவர்கள், உட்கார இடம் கிடைத்ததும் விடுவார்களே... அது. அவரும் தினமும் வீட்டுக்குப் போய் அப்படித்தான் விடுவாராம்.

கண்ணாடியில் பார்க்கவில்லை. பயந்துபோய் இல்லையாம், பயப்படக்கூடத் தெம்பில்லையாம். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் மனைவியின் வேலை போய்விடும். மண்டைக்குள் அது ஒன்றுதான். சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"யாரா இருந்தாலும் சரி... நானும் செத்த களைப்புலதான் வர்றேன். எங்க வீடு வரைக்கும் வாங்க. வழியில மட்டும் நிறுத்திடாதீங்க."

அவ்வளவுதான். அதற்கப்புறம் எண் ஒழுங்காக இறங்கியது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், பிசகாமல். நல்ல மனசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். பாவம் மனுஷன்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது சதவீதம் ஒன்று, கிலோமீட்டர் மூன்று. பிரேக் போட்டு நிறுத்தினார். இவர் இன்னும் இறங்கவில்லை. எந்தக் கதவும் திறக்கவில்லை. ஆனால் வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது... க்ரீச்...

மூன்று, ஐந்தானது.

செருப்பு மாட்டி, பையைத் தோளில் போட்டு, மனைவி வாசல்படியில் தயாராக நின்றுகொண்டிருந்தார். இவர் காரைவிட்டு இறங்குவதற்குள்ளேயே, கொட்டாவி விட்டுக்கொண்டு ஓர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். இவர் படியேறியபோது இன்னொரு தடவை ஒதுங்கினார்.

"பாப்பா இப்பதான் புரண்டு படுத்தா. சத்தம் போடாம போங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். வேலை தப்பியது.

உள்ளே போனார். மகள் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு தூங்குகிறாள். கட்டில் முழுக்கக் கையும் காலும் பரப்பிப் படுக்கிற பிள்ளை அது. மீதி மெத்தை காலி. காலிதான்... ஆனால் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தலையணையிலும் ஒன்று. அறை முழுக்க ஈரக் கம்பளி வாசனை.

மகளை அள்ளிக்கொண்டு ஓடியிருக்க வேண்டாமா? நான் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். நின்ற நிலையிலேயே கண் சொருகியதாம். கட்டிலில் இடமில்லை என்று தோன்றியதாம். தரையில் படுத்துவிட்டார். கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது.

அந்த இரும்புக் கட்டிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. காலியாக ஒரு தரம், கட்டிகளை ஏற்றி ஒரு தரம், மனைவியை ஏற்றி ஒரு தரம் என்று ஓட்டிப் பார்த்தார். எண் ஒழுங்காகவே இறங்கியது. வண்டியில் ஒரு குறையும் இல்லை.

மகளைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது மட்டும்தான்... அந்தப் பிள்ளை இருபது கிலோகூடத் தேறாது. அவள் ஏறினாலே எண் சரசரவென்று இறங்குகிறது. பின்சீட்டில் பாதி காலியாகக் கிடக்க, ஜன்னலோரம் ஒடுங்கித்தான் உட்காருவாள்.

"நல்லா உள்ள தள்ளி உட்காரேன் பாப்பா" என்றால், "போதும்பா, இடம் இருக்கு" என்பாள்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கினாலும் கதவை உடனே மூடமாட்டாள். பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள்... வயசானவர்கள் இறங்கும்வரை நாம் பிடித்துக்கொண்டு நிற்போமே, அப்படி. பிறகுதான் மூடுவாள்.

நின்றுகொண்டிருக்கிற வண்டியில், அப்போதுதான், கிலோமீட்டர் ஏறும்.