மொட்டு விரியும்வரை

எனக்குச் சோறு பொங்கக்கூட வராது. மலையேறும் நாட்களில் லிவாய்வாய்தான் சமைப்பாள். "செடிக்கெல்லாம் பேர் வைக்கிறீங்க, உப்பு எது சீனி எதுன்னு தெரியலையேண்ணே" என்று கருவாட்டைச் சுட்டபடி கேலி செய்வாள். பல்கலைக்கழகத்தில் என் உதவி ஆராய்ச்சியாளர். நல்ல பெண். வாக்குமூலத்தில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

மிந்தனாவோ தீவின் அந்த மலைமுகட்டில், இதுவரை யாரும் பெயரிடாத ஒரு பூவின் மொட்டைக் கண்டவளும் அவள்தான். இந்தச் செடிக்கு இலை இல்லை, தண்டு இல்லை. காட்டுக்கொடிக்குள் ஒளிந்து வாழும். வெளியே தெரிவது பூ மட்டும். விரிந்த பூவை அளந்து, அறுத்துப் பார்க்காமல் புதிய இனம் என்று யாரும் ஏற்கமாட்டார்கள். மொட்டோ முட்டைக்கோஸ் அளவுக்கு வீங்கி நின்றது. ஓர் எலி கடித்தால் போயிற்று.

அன்று மாலை லிவாய்வாய் சரிவில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை. எங்கள் சுமைதூக்கிகள் ஆற்றோர முகாமில் இருந்தார்கள். அரை நாள் நடை.

"அவங்களைக் கூட்டிட்டு வாங்கண்ணே."

"விடியட்டும்" என்றேன்.

விடிந்தது. மொட்டின் நுனி சற்று நெகிழ்ந்திருந்தது.

"மொட்டு எங்கயும் ஓடிடாதுண்ணே. எனக்குக் குளிருது."

"நாளைக்கு விரிஞ்சிடும். உன் பேரையே வைக்கிறேன்."

"பேரை வெச்சு நான் என்ன பண்ண? எங்கம்மாகிட்ட போகணும்."

காய்ச்சல் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். என் போர்வையையும் அவளுக்கே கொடுத்தேன். அடுப்பைத்தான் கொடுக்க முடியவில்லை. சேகரித்த மற்ற செடிகளை உலர்த்த அது வேண்டியிருந்தது.

பூ விரிந்தால் அழுகிய இறைச்சிபோல நாறும். அதைத் தேடி ஈக்கள் வரும். ஒரு காலையில் ஈக்களின் இரைச்சல் கேட்டுச் சந்தோஷமாக எழுந்தேன். மொட்டு மூடியே இருந்தது. ஈக்கள் தார்ப்பாய்க்கு அடியில், அவள் மேல் இருந்தன.

அதன் பிறகு அவசரம் ஒன்றுமில்லை. மறுநாள் பூ விரிந்தது. செங்கல் நிறம், வெள்ளைப் புள்ளிகள். அளந்தேன், படம் எடுத்தேன், எரிசாராயத்தில் ஊறப்போட்டேன். சொன்னபடி அவள் பெயரையே வைத்தேன்.

நான் இறங்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பாள். மறுக்கவில்லை. ஆனால் அவளை மலையில் கைவிட்டுவிட்டேன் என்று அவள் அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிவதை மட்டும் நீங்கள் நிறுத்த வேண்டும், ஐயா. கடைசிவரை நான் அவளை விட்டு எங்கேயும் போகவில்லை.