குழாய் கேட்டது யாரு?

அந்த பெயிண்ட் டப்பாவக் கொஞ்சம் கீழ வைங்க சார். அது எங்கயும் ஓடிப் போயிடாது. மொதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, அப்புறம் என் வீட்டுத் தூண்ல செவப்பு அடிக்கலாமா கூடாதான்னு பாப்போம்.

இல்ல இல்ல, நீங்க சொன்னது நல்லாவே புரிஞ்சுது. குடிநீர் வாரியத்தோட எல்லை இத்தன வருஷமா மாவு மில்லோட நின்னு போச்சு. இப்ப அத இழுத்து இந்தப் பக்கம் பூரா உள்ள கொண்டு வரப் போறீங்க. தூண்ல செவப்புக் கோடு இருந்தா அந்த வீடு எல்லைக்குள்ள, குழாய் வரும். கோடு இல்லன்னா வெளிய. வீட்டுக்காரன் சம்மதிக்காம கோடு போடக் கூடாது. இவ்வளவுதானே? நான் கேட்டது அது இல்ல சார். இதக் கேட்டது யாரு?

பொதுமக்கள் கோரிக்கையா? சரி. பொதுமக்கள்னா அதுக்கு ஒரு மூஞ்சி இருக்கும்ல? கோரிக்க என்ன, தானா காலு மொளச்சு நடந்து உங்க ஆஃபீஸுக்கு வந்துச்சா?

சிரிக்கிறீங்க. சிரிங்க. நான் பஸ்ல டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். என்னப் பாத்ததும் மொதல்ல எவன் சிரிக்கிறானோ அவன்கிட்டதான் டிக்கெட் இருக்காது. என் சர்வீஸ்ல இது பொய்யானதே இல்ல. உங்களச் சொல்லல, பொதுவாச் சொன்னேன். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு காலு ஆடும். இந்த நாற்காலில உக்காருங்க. டீ வருது.

நல்லது நடக்கும்போது எதுக்கு சந்தேகம்னு எங்க வீட்லயும் கேக்கறா. நல்லது சும்மா நடக்குமா சார்? ஆதாயம் இல்லாம எவனாவது ஆத்தக் கட்டி எறைப்பானா? நாங்க இத்தன காலம் தண்ணி இல்லாமலா செத்தோம்? எங்களுக்குக் கெணறு இருக்கு. மத்தவங்க லாரித் தண்ணி வாங்கினாங்க. அப்பல்லாம் எட்டிப் பாக்காத வாரியம் இப்ப டேப்பும் டப்பாவுமா வாசல்ல வந்து நிக்குதுன்னா, எலி ஏன் அம்மணமா ஓடுதுன்னு யோசிக்கணும்ல?

யோசிச்சேன். வரப்போறீங்கன்னு காதுல விழுந்ததுலேருந்து அதே வேலைதான். மொதல்ல லாரிக்காரன் மேலதான் சந்தேகம் வந்துச்சு. போன வாரம் என்னப் பாத்து, இனிமே உங்களுக்கென்ன ராஜா மாதிரி குழாயத் தொறந்தா தண்ணின்னு சொல்லிட்டுப் போறான். எனக்கே தெரியாதது அவனுக்கு எப்படித் தெரியும்? ஆனா பாருங்க, குழாய் வந்தா அவன் பொழப்பு போச்சு. தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்குவானா? அதனால அவன விட்டுட்டேன்.

அப்புறம் அந்த வெள்ளச் சட்டை. நெலம் வாங்கி விக்கிறவன் சார், எந்த வெயில்லயும் அந்தச் சட்டைல ஒரு அழுக்கு இருக்காது. அப்படிப்பட்டவன நம்பலாமா? கல்குவாரிக்கு இந்தப் பக்கம் முள்ளுக் காடு பூரா அவன் வாங்கிப் போட்டிருக்கான். தண்ணி வந்தா அது தங்கம். இவன்தான்னு முடிவே பண்ணிட்டேன். நேராப் போய் மடக்கினேன். அவன் பாவம், அழாத கொறை. ஏங்க நானும்தான் மோதிப் பாத்தேன், கோடு என் நெலத்துக்கு முன்னாடியே நின்னு போச்சுங்கன்னான். போய்ப் பாத்தா நெசம்தான். நீங்க நட்ட கல்லு அவன் வேலிக்கு வெளியதான் நிக்குது. சரி, அவனும் இல்ல.

கான்ட்ராக்டரா? அவன் எவன் குழாய் போடச் சொன்னாலும் போடுவான். அவனுக்கு இந்தத் தெருதான் வேணும்னு என்ன இருக்கு?

இப்ப விஷயத்துக்கு வரேன். நேத்து நீங்களும் உங்க ஆளும் டேப் புடிச்சு அளந்துட்டுப் போனீங்களே, ஜன்னல் வழியாப் பாத்துட்டுதான் இருந்தேன். தெரு நேராப் போகுது. உங்க கோடும் நேராப் போயிருக்கணும். அது மட்டும் ஏன் சார் திரும்பி எங்க சந்துக்குள்ள வருது? இது முட்டுச் சந்து. எங்களத் தாண்டிப் போறதுக்கு எடமே இல்ல. வேல மெனக்கெட்டு ஒரு கோடு முட்டுச் சந்துக்குள்ள திரும்புதுன்னா, சந்துக்குள்ள இருக்கற யாரோ கேட்டிருக்காங்கன்னுதானே அர்த்தம்?

இந்தச் சந்துல மொத்தமே ரெண்டு வீடு. ஒண்ணு இது. நான் கேக்கல. எங்க வீட்லயும் கேக்கல, விசாரிச்சுட்டேன். அவ என்னடான்னா, நான் கேக்கறதா இருந்தா கல்யாணம் ஆன மறுநாளே கேட்டிருப்பேன், இந்தக் கெணத்தடியில பாசி வழுக்கி எத்தன தடவ விழுந்திருக்கேன்னு ஒரு பாட்டு பாடிட்டுப் போனா. இன்னொரு வீடு வந்து... டீ வந்துடுச்சு பாருங்க. குடிங்க சார், ஆறிடப் போகுது. சக்கர போதுமா?

எதிர்ல தெரியுதே அந்த வீடா? அது என் தம்பி வீடு.

கூடப் பொறந்த தம்பிதான். ஒரே மூஞ்சின்னு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தெரியல, அவனுக்கு மூக்கு கொஞ்சம் அகலம். குழாய் அவன் வீட்டுக்குப் போகணும்னா என் வாசல் மண்ணத் தோண்டித்தான் போகணும், எனக்கும் தெரியும். நான் வேணாம்னா அவனுக்கும் இல்ல. அதனாலதானே மொதல்ல எங்கிட்ட வந்து நிக்கறீங்க?

பேசறதில்ல சார். பல வருஷமாச்சு. பெருசா ஒண்ணும் இல்ல, அவன் பொண்ணு கல்யாணம். நான் பெரியப்பா. எனக்கு யாரு வந்து சொல்லணும்? அவன் வந்து சொல்லணும். பொண்டாட்டிய அனுப்பினான். என்ன, எதுத்த வீட்டுக்கு நடந்து வர அவனுக்குக் காலு தேஞ்சிடுமா? நான் போகல. ஏன் வரலன்னு அவனும் கேக்கல. அவ்வளவுதான். பொம்பளைங்க ரெண்டு பேரும் சுவத்து மேல கையப் போட்டுக்கிட்டு நாள் பூராப் பேசுவாங்க, கொழம்பு கைமாறும், எங்களப் பத்தி சிரிச்சுக்குவாங்க. சண்ட எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான்.

சுவரா? ரெண்டும் முன்ன ஒரே வீட்டு மனை சார், பாகம் பிரிச்சப்பவே நடுவுல கட்டினது அது. நல்லாப் பாருங்க, நேரா வந்து கெணத்தத் தொட்டதும் நின்னுடுது, அந்தப் பக்கம் மறுபடி கெளம்புது. கெணத்த எப்படி சார் வெட்டிப் பிரிக்கறது? அதனால அது பொது. மோட்டார் அவன் பக்கம் மாட்டிக்கிச்சு. ஸ்விட்ச் அந்தப் பழைய வீட்டோட முன் ரூம்ல இருந்துச்சு, அந்த ரூம் என் பாகத்துல வந்துடுச்சு. மோட்டார் அங்க, ஸ்விட்ச் இங்க.

அது சரி, நல்லாக் கேட்டீங்க. பேசாத ரெண்டு பேரு எப்படித் தண்ணி எடுக்கறோம்? உங்களுக்குத் தெரியாததா, கெணத்துக்குள்ள குழாயோட அடியில ஒரு புட் வால்வு இருக்கும். அது மூடினாத்தான் குழாய்ல தண்ணி நிக்கும். எங்களது மூடாது. மோட்டார நிறுத்தினா குழாய்ல இருக்கற தண்ணியெல்லாம் கெணத்துக்கே எறங்கிடும். மறுநாள் வெறுமன போட்டீங்கன்னா மோட்டார் சுத்தும், சத்தம்தான் வரும், தண்ணி வராது. அதனால மோட்டார் இருக்கற குழிக்குள்ள அவன் எறங்கி அதோட வாயில தண்ணி ஊத்தி நெரப்பணும். நெரம்பின அந்த நொடி நான் இங்க ஸ்விட்சப் போடணும். கொஞ்சம் பிசகினாலும் எறங்கிடும், மறுபடி மொதல்லேருந்து ஊத்தணும்.

அப்ப பேசித்தானே ஆகணும்? காலைல நான் போய் ஸ்விட்ச் கிட்ட நின்னு ஒரு இருமல் இருமுவேன். வந்துட்டேன்னு அர்த்தம். அவன் ஊத்துவான். ஊத்திட்டு, போடுன்னுவான். நான் போடுவேன். தொட்டி நெரம்பி வழியறது அவன் பக்கம்தான் தெரியும். போதும்னுவான். நிறுத்திடுவேன். இவ்வளவுதான் பேச்சு. முன்னல்லாம் போடுண்ணேன்னு சொல்லுவான். இப்ப வெறும் போடு. வயசுல மூத்தவன்கிட்ட, வேலக்காரன்கிட்ட சொல்ற மாதிரி.

ஒரு தடவ வாய் தவறி சொல்லிட்டான் சார். அன்னிக்கு நல்ல மழ. எதையோ நெனச்சுக்கிட்டு ஊத்தினானோ என்னமோ, போடுண்ணேன்னுட்டான். நான் அப்படியே நின்னுட்டேன். கை ஸ்விட்ச் மேல இருக்கு, போடத் தோணல. தண்ணி சர்ருனு எறங்கிடுச்சு. பாவம், மழைல நனைஞ்சுக்கிட்டே திரும்ப ஊத்தினான். ரெண்டாவது வாட்டி வெறும் போடுதான் வந்துச்சு.

வால்வ ஏன் மாத்தலயா? அது அரை நாள் வேலைன்னு எனக்கும் தெரியும் சார். மெக்கானிக்கே வந்து கேட்டான். மாத்திட்டா ஊத்தவே வேணாம், ஒரு ஆளே போட்டுக்கலாம், யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லன்னு பெரிய உபகாரம் மாதிரி சொன்னான். நீ உன் வேலயப் பாத்துக்கிட்டுப் போப்பான்னுட்டேன். அவன் விடாம எதுத்த வீட்டுக்கும் போய்க் கேட்டிருக்கான். அங்கயும் வேணாம்னுட்டாங்களாம். மெக்கானிக் தலையில அடிச்சுக்கிட்டுப் போனான்.

அதனாலதான் சார் அவன் குழாய் கேட்டிருப்பான்னு என்னால நம்ப முடியல. வேற எவனா இருந்தாலும் சண்ட போட்டுட்டுத் தூங்கிடுவேன். லாரிக்காரன், வெள்ளச் சட்டை, யாராவது ஒருத்தனா இருக்கணும்னு நானே தேடித் தேடிப் போனேன். ஒருத்தனும் ஒத்துவர மாட்டேங்கறான். எல்லாம் சுத்திச் சுத்தி இந்தச் சந்துக்குள்ளயே வந்து நிக்குது. 

கொஞ்ச நாளா அந்த போடு லேட்டாத்தான் வருது. நான் இருமிட்டு நிப்பேன், நிப்பேன், அப்புறம் மூச்சு வாங்கிக்கிட்டு வரும். முட்டி போயிடுச்சாம் அவனுக்கு. எங்க வீட்ல சொல்லித்தான் எனக்குத் தெரியும். குழிக்குள்ள எறங்கி ஏறணும்ல, கஷ்டம்தான். முட்டி வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா நான் போய் ஊத்த மாட்டேனா? ஆனா அவன் எப்படி சார் சொல்லுவான்? எங்களுக்குள்ள இருக்கறது போடு, போதும். இதுல முட்டி வலியச் சொல்ல எங்க எடம் இருக்கு?

இல்லன்னா முட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல. இந்த ரெண்டு வார்த்தையும் அவனுக்கு சலிச்சுப் போயிருக்கலாம். அதையும் யோசிச்சுட்டேன்.

கேட்டது யாருன்னு சொல்ல ரூல்ஸ்ல எடமில்லன்னு சொல்லாதீங்க. பேரு வேணாம், பேப்பர் வேணாம், எனக்கு எதையும் காட்ட வேணாம். வாயால ஒண்ணு சொன்னாப் போதும். எதுத்த வீட்டுக்காரன் கேக்கலன்னா, இந்தச் சந்த விட்டுட்டு உங்க கோட்ட நேரா இழுத்துக்கிட்டுப் போங்க. நாங்க எல்லைக்கு வெளியவே இருந்துக்கறோம், எங்க ரெண்டு வீட்டுக்கும் கெணறு போதும். அவனாக் கேட்டிருந்தான்னா நான் குறுக்க நிக்கல. அவன் ஆசப்பட்டுக் கேட்டத என் வாசல்ல மறிச்சேன்னு பேரு எனக்கு வேணாம். சொல்லுங்க. அவன்தானா?

என்ன சார், டீய வச்சுட்டு எதுத்த வீட்டு வாசலையே பாக்கறீங்க?

ம்.

சரி. அவன்தான். பரவால்ல, நீங்க ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல. எந்திரிங்க. அந்த டப்பாவ எடுங்க. இந்தத் தூண் வேணாம், செடி மறைக்கும். அவன் வாசல்லேருந்து பாத்தாத் தெரியற மாதிரி அந்தத் தூண்ல அடிங்க. இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அங்கதான்.

எப்ப வந்து தோண்டுவாங்க? ஆளு பத்தல, ரெண்டு மூணு மாசம் இழுக்குமா? ஐயோ, அதுக்கு ஏன் சார் சங்கடப்படறீங்க. இழுக்கட்டும் சார். மெதுவாவே வரட்டும். எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல.