பன்னிரண்டுக்கு முன்னே ஒரு மணியோசை

— கயித்த விடு கொர்பீனியன்! அடிச்சது பத்தாதுன்னு இன்னும் பிடிச்சுத் தொங்குறியே, வெக்கமா இல்ல?

— என்ன வால்புர்கா அண்ணி, அடுப்படிக் கோலத்தோட சர்ச்சுக்குள்ள வந்து கத்துறீங்க? மதியமாச்சு, நான் பாட்டுக்கு மணி அடிச்சேன்.

— மதியமா? என் கடிகாரத்துல இன்னும் பத்து நிமிஷம் கெடக்கு.

— உங்க கடிகாரமும் உங்க கடை பீர் மாதிரிதான். எப்பவும் கொறைச்சல்.

— வாயக் கழுவு! வெள்ளை சாசேஜ சுடுதண்ணியிலேர்ந்து எடுத்து, பக்கத்துல இனிப்புக் கடுகு விழுத வெச்சு, மாட்டு யாவாரி க்விரின் முன்னால தட்ட நகத்துறேன். டாங்குன்னு உன் மணி! மனுஷன் தொடாம எந்திரிச்சுட்டாரு.

— எந்திரிக்கத்தானே வேணும்? மதிய மணி கேட்டப்புறம் வெள்ளை சாசேஜ எவன் தொடுவான்? மணிக்கு முன்னாடியே தின்னு முடிக்கணுங்கற நம்ம ஊர் வழக்கம் தெரியாத வடக்கத்தியான்தான் திம்பான்.

— அது தெரிஞ்சுதானே அடிச்ச?

— நான் பாட்டுக்கு...

— நீ பாட்டுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா?

— ஆமா, வேணும்னேதான் அடிச்சேன்! போதுமா? போன ஞாயித்துக்கிழமையே அவனுக்கு நீங்க பரிமாறுனதப் பாத்தேன், இன்னிக்கும் வந்துட்டான். நீல மூடி போட்ட அந்தக் கடுகுக் கிண்ணம் எங்க அண்ணனோடது. அவர் போனதுலேர்ந்து அலமாரிய விட்டு எறங்கல. கூடப் பொறந்த எனக்கு ஜாடியிலேர்ந்து கரண்டியால வழிச்சுப் போடுவீங்க. அந்த மாட்டு யாவாரிக்கு மட்டும் கிண்ணம், மூடி, சிரிப்பு!

— அதான் வயித்தெரிச்சலா?

— மானம் அண்ணி, மானம்! இந்த வயசுல நீங்க அவனக் கட்டிக்கிட்டா நான் ஊருக்குள்ள தல நிமிந்து நடக்க வேணாமா?

— அடப்பாவி, புத்தி போற போக்கப் பாரு! அந்தக் கடுகு யாரு செஞ்சதுன்னு தெரியுமா?

— நீங்கதான். வேற யாரு?

— உன் பொண்ணு ஆஃப்ரா! கொரகொரன்னு அரைச்சு, சர்க்கரையக் கருக்கிச் சேத்து, கை கடுக்கக் கிண்டுனா. தாயில்லாப் புள்ள. அவ கைப்பக்குவம் சபையில ஏறட்டும்னுதான் நல்ல கிண்ணத்துல வெச்சேன்.

— அவ எதுக்கு அவனுக்குச் செய்யணும்?

— அவர் கேட்டு வந்தது அவளத்தான்! சாப்பிட்டதும் உன்கிட்டப் பேசுறதா இருந்தாரு. முப்பத்தஞ்சு வயசுக்கு இப்பதான் ஒருத்தர் அவளத் தேடி வந்தாரு. காலையிலேர்ந்து மூணு தடவ தல வாரிக்கிட்டா.

— அய்யோ... எனக்கு எப்படி அண்ணி தெரியும்? நான் ஓடிப் போய்ச் சொல்றேன். மணி தெரியாம அடிச்சிருச்சுன்னு...

— யாரு நம்புவா? மனுஷன் சட்டைப் பையிலேர்ந்து கடிகாரத்த எடுத்துப் பாத்தாரு, அதுலயும் இன்னும் பன்னெண்டாகல. அப்புறம் ஆஃப்ராவப் பாத்தாரு. "உங்கப்பா வாயத் தெறக்காமலே பதில் சொல்லிட்டாரு"ன்னு தொப்பிய மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.