ஊஞ்சலை ஆட்டியவன்

மான்களைப் பற்றி முறையிடத்தான் நான் முதன்முதலில் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன், ஐயா. எங்கள் பூங்காவில் நட்ட குரோட்டன் கன்றுகளை அவை முழுக்க மேய்ந்துவிட்டுப் போயிருந்தன. அப்போதிருந்த பொறுப்பதிகாரி சிரித்தார். மானைப் பிடித்து அடைக்க முடியாது, வேலியை ஒழுங்காகப் போடுங்கள் என்றார். போட்டேன். எடுத்த வேலையை முடிக்கிற ஆள் இந்த இக்னேசியஸ் என்று துறைமுகப் பக்கத்தில் எனக்கொரு பெயர் உண்டு.

முன்பு அந்தப் பூங்கா குப்பை கொட்டிய துண்டு நிலம். நான் இரும்புக்கடைக்காரன் என்பதால் பூங்காச் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கினார்கள். உட்காரும் வாங்குகள், ஊஞ்சல் எல்லாம் என் கடையிலிருந்துதான் போயின. மாலையில் ஸுல்பிகா டீச்சர் பெண்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பார். நோன்பு காலத்தில் அங்கே கஞ்சி கொடுப்போம். நத்தாருக்கு எங்கள் கோவில் பிள்ளைகள் அங்கேதான் கரோல் பழகும். அதையெல்லாம் வாசலில் நின்று பார்க்கையில் எனக்குப் பெருமை பொங்கும். அதை மறைக்காமல் சொல்லவேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

சசிகரன் குச்சவெளிப் பொடியன். பொடியன் என்றாலும் முப்பது வயதிருக்கும். பேச்சுத் திக்கும், ஒன்றை விளங்கிக்கொள்ள நேரமெடுக்கும். யாரும் கேட்காமலே பூங்காவைக் கூட்டுவான். கூட்டி முடிந்ததும் பிள்ளைகளை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவான். அவன் ஆட்டினால்தான் ஏறுவோம் என்று அதுகள் வரிசையில் நிற்கும்.

புது நடைபாதைத் திறப்பு விழாவுக்கு முதல்நாள், அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஊஞ்சல் சங்கிலியின் மேல்கொளுக்கியைக் காட்டினான்.

"அண்ணை, தே... தேஞ்சு போச்சு. பிள்ளையள் விழுந்திடுங்கள்."

உப்புக்காற்று அதைப் பாதிக்குமேல் தின்றிருந்தது. புதுக் கொளுக்கி என் கடையிலேயே தொங்கியது. ஆனால் மாற்றுவதென்றால் ஊஞ்சலைக் கழற்றி வெல்டிங் செய்யவேண்டும். பெரிய மனிதர்கள் வரும்போது வெறும் சட்டம் நிற்பது எனக்கு வெட்கமாகப் பட்டது. மிச்சமிருந்த மஞ்சள் பெயின்றைக் கொளுக்கிக்குப் பூசினேன். விழா முடிய மாற்றுவோம் என்றுதான் நினைத்தேன். விழா முடிந்தது. மாற்றவில்லை.

சசிகரன் மறக்கவில்லை. பிள்ளைகளை ஏறவிடாமல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மகள் ரிஸ்லாவோடு வந்திருந்த றம்ஸியா என்னிடம் கேட்டாள்.

"என்ன அண்ணன், ஊஞ்சல் பழுதோ?"

தாய்மார் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சசிகரனைப் பார்த்துச் சொன்னேன்.

"அதை மாத்திப்போட்டன். நீ ஆட்டு."

அவன் அண்ணாந்து பார்த்தான். கொளுக்கி மஞ்சளாக, புதிது போலிருந்தது. சிரித்தான். ரிஸ்லாவைத் தூக்கி இருத்தினான்.

கொளுக்கி ஒடிந்தபோது பிள்ளை மேலே போய்க்கொண்டிருந்தாள். வாங்கின் சீமெந்து விளிம்பில் தலை அடிபட்டது. நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். ஆர் ஆட்டினது என்று யாரோ கத்தினார்கள். சசிகரன் என்றேன். அது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே பிள்ளையின் உயிர் போய்விட்டது. நான் திரும்பி வந்தபோது சசிகரனின் முன்பற்கள் இல்லை.

ஒடிந்த கொளுக்கியைப் புல்லிலிருந்து பொறுக்கிக் கடலில் எறிந்தேன். உங்கள் ஆட்கள் விசாரித்தபோது, புதுக் கொளுக்கிதான் போட்டிருந்தேன், மெதுவாக ஆட்டு என்று அவனுக்குப் பலமுறை சொன்னேன், கேட்கவில்லை என்றேன். அவன் என்னைக் காட்டி ஏதோ சொல்லப் பார்த்தான். வீங்கிய வாயிலிருந்து சொல் வரவில்லை.

மையத்து வீட்டில் றம்ஸியாவின் புருஷன் ஹஸ்மி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என்ட புள்ளையத் தூக்கிக்கொண்டு ஓடினது நீங்க மட்டுந்தான்" என்றார். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

சசிகரனைப் பிணையில் எடுக்க ஆளில்லை. மறியல் சிறைக்கு நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இந்த இரக்கம் வேறு ஆருக்கு வரும் என்று என் மனைவி சீலா அக்கம்பக்கத்தில் சொல்கிறாள். போனமுறை அவன் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"அண்ணை, நான் மெ... மெதுவாத்தானே ஆட்டினனான்?"

காவலாளி தள்ளி நின்றார். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதனால் எனக்கு ஒரு கேடும் வந்திருக்காது.

"இல்லையடா" என்றேன். "கொஞ்சம் வேகமாத்தான் ஆட்டினனீ."

அவன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையசைத்தான். "றம்ஸியா அக்காட்ட எனக்காண்டி மன்னிப்புக் கேளுங்கோ" என்றான். நாளைக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறானாம். சட்டத்தரணி சொன்னார்.

கொளுக்கியை மாற்றாததற்கு அசட்டை என்று பேர் வைக்கலாம், ஐயா. கடலில் எறிந்ததற்குப் பயம் என்று வைக்கலாம். வருகிற வழியெல்லாம் அப்படித்தான் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவனுக்குச் சொன்ன அந்தப் பதிலுக்கு எந்தப் பேரும் பொருந்தவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அவன் மெதுவாகத்தான் ஆட்டினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.