நபுகாலுவின் டேப்லட்டில் ஏற்றிய சீரியல்

என் கடையில் இரண்டு கேபிள்கள் உண்டு, தலைவரே. ஒன்று கறுப்பு, புதிது. அதைச் செருகினால், ஒரு ரோலெக்ஸ் வாங்கி, சப்பாத்திக்குள் சுருட்டிய முட்டை ஆறுவதற்குள் முழுப் படமும் கம்ப்யூட்டரிலிருந்து டேப்லட்டுக்குப் போய்விடும். இன்னொன்று வெள்ளை, கழுத்து ஒடிந்து பிளாஸ்டர் சுற்றியது. அதில் ஏற்றினால் ரோலெக்ஸைத் தின்று, கை கழுவி, ஊர் வம்பெல்லாம் பேசி முடித்தாலும் பாதிதான் ஏறியிருக்கும்.

நபுகாலு வந்தால் மட்டும் வெள்ளையை எடுப்பேன். அதைக் குற்றத்தில் சேர்ப்பதானால் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் பொழுது முழுக்கத் தையல் மெஷின் முன்னால் குனிந்து கிடப்பவள். பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு நடுவில் டேப்லட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் படம் பார்ப்பாள். கொஞ்ச நேரம் என் பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்காரட்டுமே என்றுதான் நினைத்தேன். வேறு எண்ணம் இல்லை.

கொரிய சீரியலை இந்த மிட்யானாவில் யார் கொரிய மொழியில் பார்க்கிறார்கள்? மேலே ஒரு விஜேயின் குரல் வேண்டும். அவர் நம் லுகாண்டா மொழியில் கதை சொல்லி, பாத்திரங்களுக்கு நம்மூர்ப் பெயர் வைத்து, நடுவில் இரண்டு கிண்டலும் செய்தால்தான் அது படம். நபுகாலு பார்த்துக்கொண்டிருந்த சீரியலைப் பேசிய விஜே, பாதியில் மைக்கை வைத்துவிட்டுத் தேர்தல் பிரச்சாரத்துக்குப் போய்விட்டார். அவள் என் பெஞ்சில் உட்கார்ந்து கண் கலங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மைக் வாங்கி, போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, மிச்சத்தை நானே பேசினேன். விஜேயின் குரல் எனக்கு அப்படியே வரும்; அவரே திரும்பி வந்து பேசியதாக அவளிடம் சொல்லிவிட்டேன். கதாநாயகிக்கு அவர் வைத்த நன்சுபுகா என்ற பெயரைக்கூட நான் மாற்றவில்லை.

கீழே ஓடும் ஆங்கில எழுத்தை வைத்துத்தான் கதையைப் புரிந்துகொள்வேன். டேப்லட்டுக்குத் தோதாகக் கோப்பை மாற்றும்போது அந்த எழுத்தை வெட்டிவிடுவேன். சின்னத் திரையில் சின்ன எழுத்து, அவள் ஊசியில் நூல் கோக்கிறவள், கண் கெட்டுவிடும்.

இந்தச் சமயத்தில்தான் வலுசிம்பி அவளைப் பெண் கேட்டான். மட்டோக்கே வாழைக்குலைகளை லாரியில் ஏற்றிக் கம்பாலாவுக்குக் கொண்டுபோகிற டிரைவர். நல்ல மனுஷன் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். நபுகாலுவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. என் பெஞ்சில் உட்கார்ந்து அவள் சிரித்துக்கொண்டே சொன்னது இதுதான்: நன்சுபுகா அந்தப் பையனைக் கட்டிக்கொள்கிறாளா என்று பார்த்துவிட்டு, மறுநாளே பெண் வீட்டில் நடக்கும் குவாஞ்சுலா சடங்குக்கு நாள் குறித்து, வலுசிம்பி வீட்டாரை முறைப்படி வரச் சொல்லிவிடுவாள்.

அப்போது கடைசி எபிசோடு என் கம்ப்யூட்டரில் இருந்தது. அவர்கள் கட்டிக்கொள்கிறார்கள். குழந்தையும் பிறக்கிறது. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

கல்யாணம் ஆனால் அவள் வலுசிம்பியின் ஊருக்குப் போய்விடுவாள். அந்த ஊரில் கரண்ட் சரியாக வராது. டேப்லட்டில் சார்ஜ் நிற்காது, படம் ஏற்றித் தரவும் ஆள் கிடையாது. இதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை. யாராவது ஒருவர் யோசிக்க வேண்டும் இல்லையா? நான் யோசித்தேன். கடைசி எபிசோடைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, வேறொரு சீரியலின் முதல் எபிசோடை அதன் இடத்தில் ஏற்றினேன்.

ஆட்கள் வேறு, அது உண்மைதான். நன்சுபுகாவுக்கு விபத்தில் முகம் போய்விட்டது, டாக்டர் புது முகம் வைத்தார் என்று பேசினேன். அதற்கடுத்த சீரியலில் கதாநாயகி ஒரு சாண் உயரம் கூடியிருந்தாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொண்டது என்றேன். அப்புறம் கிடைத்தது ராஜா காலத்துக் கதை. எல்லோரும் பட்டு அங்கி உடுத்தி, தலையில் கொண்டை வைத்து, தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அது நன்சுபுகாவின் குவாஞ்சுலாவுக்கு ஒத்திகை என்று சொன்னேன். ஒத்திகையே ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது. நபுகாலு ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் டேப்லட்டிலிருந்து உங்கள் வீட்டம்மாவுக்கும் காப்பி எடுத்துக் கொடுத்தாள். உங்கள் வீட்டம்மா அந்தக் கொண்டையைப் பற்றி என்னிடமே புகழ்ந்து பேசினார்.

வலுசிம்பி ஒரு நாள் லாரியைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"முட்யாபா அண்ணே, அந்தக் கடைசி எபிசோடு ஒண்ண மட்டும் அவ டேப்லட்ல ஏத்தி விடுங்கண்ணே. அதப் பாத்தாத்தான் எங்க பெரியவங்கள வரச் சொல்லுவாளாம்."

"கம்பெனிக்காரன் இன்னும் எடுக்கலியேப்பா. அதுக்கு நானா போயி நடிக்க முடியும்?"

"நடிச்சாலும் நடிங்க. போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. ஊர்ல என்னப் பாத்தாலே, என்னடா, கொரியாக்காரி இன்னும் சம்மதம் சொல்லலியான்னு கேட்டுச் சிரிக்கிறானுங்க."

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, தலைவரே. பொய் சொல்லவில்லை, நெஞ்சு கனத்துவிட்டது. பாவம், தினமும் தனியாக லாரி ஓட்டுகிறவன். அவன் போனிலும் அந்த சீரியலை ஏற்றிக் கொடுத்தேன். கறுப்புக் கேபிளில்தான் ஏற்றினேன்.

இதற்குள் கதையில் மாப்பிள்ளையை லாரி டிரைவராக ஆக்கியிருந்தேன். திரையில் அவன் கோட்டும் டையுமாகப் பெரிய ஆபீசில்தான் உட்கார்ந்திருப்பான். இன்று லாரி சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று பேசிவிடுவேன். நபுகாலு மெஷினை நிறுத்திவிட்டு அந்த டிரைவரைப் பற்றியே கவலைப்படுவாள். அவன் ஏன் இவ்வளவு நேரம் கழித்து வருகிறான், போன் வந்தால் ஏன் வெளியே போய்ப் பேசுகிறான் என்றெல்லாம் என்னைக் கேட்பாள். எனக்கென்ன தெரியும், படத்தில் வருவதைத்தானே பேசுகிறார்கள் என்று சொல்வேன்.

இப்படியே போயிருக்கும். அவள் சித்தி மகன் கயிவா கொரியாவில் தொழிற்சாலை வேலை முடித்துத் திரும்பி வருவான் என்று யார் கண்டார்கள்? வந்தவன் அவள் தையல் கடையில் சோடா குடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். என் குரலுக்கு அடியில் கொரியப் பேச்சு லேசாகக் கேட்கும். நேர்மைக்காக நான் அதை முழுக்க அழிக்கவில்லை. நன்சுபுகா கண்ணீரோடு ஏதோ சொல்ல, "லாரிக்காரனை நம்பி நான் மோசம் போனேன்" என்று நான் பேசியிருக்கிறேன்.

"அக்கா, அவ அப்பிடிச் சொல்லல. கஞ்சி ஆறுது, வந்து சாப்பிடுங்கறா."

நபுகாலு முதலில் சிரித்தாளாம். பிறகு அடுத்த எபிசோடைப் போட்டாளாம். அதற்கடுத்ததையும் போட்டாளாம். பொழுது சாய்வதற்குள் கயிவாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்படித்தான் இன்று நான் இந்த ஊர்ச் சபையில் உங்கள் முன்னால் நிற்கிறேன். கதையை மாற்றிப் பேசி ஏமாற்றினான் என்பதுதானே புகார்? அது உண்மை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒத்துக்கொள்வதென்று வந்த பிறகு பாதியை வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. யாரும் கேட்காத ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். கயிவா அவள் டேப்லட்டை மட்டும்தான் பார்த்தான். வலுசிம்பியின் போனில் இருந்தது வேறு.

படம் ஒன்றுதான், பேச்சுதான் வேறு. அவள் டேப்லட்டில், டிரைவர் மசாக்காவில் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டு சொல்லாமல் ஓடிப்போகிறான். வலுசிம்பியின் போனில் அதே காட்சிக்கு வேறு மாதிரி பேசியிருந்தேன். நன்சுபுகாவுக்கு இந்தக் கல்யாணத்தில் மனசில்லை, வாய்விட்டு மறுக்கத் தெரியாமல்தான் நாளைக் கடத்துகிறாள் என்று டிரைவருக்குப் புரிகிறது. நல்ல ஆண்பிள்ளை அவளைக் கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டான் என்று சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் விலகிப் போகிறான். அந்த இடத்தைப் பேசும்போது எனக்கே அழுகை வந்தது. அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது.

அடுத்த வாரமே வலுசிம்பி மிட்யானா பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். சொந்தக்காரர்கள் மசாக்காவில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். இப்போது குழந்தையும் இருக்கிறது. நபுகாலு மெஷின்மேல் தலையை வைத்து அழுதாள். சீரியலில் வந்த மாதிரியே நடந்துவிட்டது என்று என்னிடம்தான் வந்து சொன்னாள். வேறு யாரிடம் போவாள்? அன்றைக்கு ஏழெட்டு எபிசோடுகளைச் சேர்த்து ஏற்றிக் கொடுத்தேன். கேபிள் வெள்ளைதான். அழுகிறவளை உடனே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இதோ, இப்போது அவளே சபைப் பெஞ்சை விட்டு எழுந்து கேட்கிறாள்.

"அப்ப அவரு என்ன ஏமாத்திட்டு ஓடலையா?"

இல்லை, நபுகாலு. உன் நிம்மதிக்காகத்தான் போனான். அவனைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தைகூட நான் அவன் போனில் பேசவில்லை. உட்கார், தண்ணீர் குடி. கயிவா, தம்பி, என் சட்டையை விடு. தலைவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தண்டனை எதுவானாலும் சரி, தலைவரே. கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், கடையைப் பூட்டுங்கள். கடைசி எபிசோடை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பியபோதே சொன்னீர்கள். அது நியாயம்தான், கொண்டு வந்திருக்கிறேன். கொரிய மொழியில் கொடுத்தால் அவளுக்கு என்ன புரியும் என்று, நேற்று உட்கார்ந்து பேசியும் முடித்துவிட்டேன். லாரிக்காரன் போன பிறகு நன்சுபுகா அழுது ஓய்கிறாள். இத்தனை காலமும் தனக்காகக் கண் விழித்தவன் படம் ஏற்றித் தருகிற கடைக்காரன்தான் என்பது அவளுக்குக் கடைசியில் விளங்குகிறது. அவனையே கட்டிக்கொள்கிறாள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். குவாஞ்சுலா என்றைக்கு என்பதை மட்டும் நான் பேசாமல் விட்டிருக்கிறேன். அதை நபுகாலுவே சொல்லட்டும், யாரையும் வற்புறுத்துவது எனக்குப் பழக்கமில்லை.