கொழுந்தன் களை

அது ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால. கரிசக்காட்டுல சின்னநத்தம்னு நம்ம ஊரு. அங்க சடச்சி, சடச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் போய்ச் சேந்துட்டான். துண்டுக் காடு, ஒரு சோடி மாடு. அவ காட்டுல பேருக்கு ஒரு களையைப் பாத்துட முடியாதாம். அம்புட்டுச் சுத்தம்.

பக்கத்துக் காடு அவ கொழுந்தன் கொண்டல்சாமியோடது. சோம்பேறிப் பய. அவன் காட்டுல பயிரைவிடக் களைதான் நெட்டையா நிக்கும். ஆனா கண்ணு பூரா மதினி காட்டு மேல!

அப்ப ஊருல ஒரு கட்டுப்பாடு. சித்திரையில வருசத்து மொத உழவுக்குப் பொன்னேர் பூட்டுற அன்னைக்கு எவன் ஏரு வரலையோ, அவன் காடு அந்த வருசம் பங்காளிக்கு. புண்ணு மாட்டைப் பூட்டவும் கூடாது.

பொன்னேரு நெருங்குது. சடச்சியோட மயிலைக் காளைக்கு நுகத்தடி அறுத்துக் கழுத்துல புண்ணு. ஈ மொய்ச்சு, புழு வச்சுருச்சு. மஞ்சளை அரைச்சு அப்பு அப்புன்னு அப்புனா. மேல மூடுது, உள்ள குடையுது. மாட்டைக் கட்டிக்கிட்டு அழுதாளாம், பாவம்.

ஆட்டுக்கிடை போட வந்த கோனாரு பாத்தாரு. "ஏன் தாயி, திருடனை உள்ள வச்சுக் கதவைப் பூட்டலாமா? மொதல்ல புழு சாகணும். ஆடுதீண்டாப்பாளைச் சாத்தைப் பிழிஞ்சு விடு. ஆடே வாய் வைக்காத கசப்பு, புழுவா நிக்கும்? பொறவு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடு."

ஓடிப்போய்ப் பாத்தா, அவ காட்டுல ஒத்தைச் செடி இல்ல. களைன்னு அவளேதான் பிடுங்கி எறிஞ்சிருக்கா! கொழுந்தன் காட்டுலயோ பாய் விரிச்சாப்பல கிடக்கு.

விசயத்தைச் சொன்னா குடுப்பானா? முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டுப் போனா சடச்சி.

"கொழுந்தனாரே, வீட்டுல இருந்தா மாட்டைப் பாத்து அழுகையா வருது. உங்க காட்டுல களை பிடுங்கட்டுமா?"

"கூலி?"

"உங்ககிட்டயா கூலி கேப்பேன்?"

அவனுக்குச் சிரிப்புத் தாங்கலை. "பிடுங்குங்க மதினி, நல்லாப் பிடுங்குங்க! இனி உங்க காட்டையும் நாந்தான பாக்கணும்!" பிடுங்குன களைக்கட்டை அவனே தூக்கி அவ தலையில வச்சுவிட்டானாம், கூறுகெட்டவன்!

சாறு விட்டா, புழு பொலபொலன்னு உதிந்துச்சாம். மஞ்சளும் எண்ணெயும் போடப் போட, பள்ளம் தூந்து தோலு மூடுச்சாம்.

பொன்னேர் அன்னைக்கு ஊரே கூடி நிக்குது. "எங்க மதினி ஏரைக் காணோமே"ங்கான் கொண்டல்சாமி. வந்தா பாருங்க சடச்சி! மயிலை தலையைத் தூக்கிக்கிட்டு வருது. ஊர்ப் பெரியவரு அது கழுத்தைத் தடவித் தடவிப் பாத்தாரு. வடு இருக்கு, புண்ணு இல்ல.

"என்ன மருந்து தாயி?"

"மருந்தா? எங்க கொழுந்தனாரு காட்டுக் களை!"

பொம்பளைக போட்ட குலவை கம்மாய்க்கு அங்கிட்டுக் கேட்டுச்சாம். மொத ஏரு ஓட்டுனதும் அவதானாம்.

அன்னையிலருந்து அந்தச் செடிக்கு நம்ம ஊருல கொழுந்தன் களைன்னுதான் பேரு. எம்புட்டுச் சுத்தமாக் களையெடுத்தாலும் காட்டு மூலையில கொஞ்சம் விட்டுவைப்போம். பொன்னேர் அன்னைக்கு மதினிமாருதான் அதை மாட்டுக் கொம்புல கட்டுவாக. பறிச்சுக் குடுக்கவேண்டியது கொழுந்தன்மாரு. குடுத்துட்டு ஊருக்கு முன்னால மதினிக்கு ஒரு கும்பிடும் போடணும். எம்புட்டு நிலம் வச்சிருக்க பெரிய சம்சாரியா இருந்தாலும் போட்டுத்தான் ஆகணும்.